சரத்தில் சிப்பி சாகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

உப்பங்கழியில் சட்டம் கட்டி, சரம் சரமாகச் சிப்பி வளர்ப்பவர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "எல்லாம் வாயைப் பொளந்துகிட்டு கெடக்கு சார், என்ன நோய்னு வந்து பாருங்க." நோயைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

சிப்பியால் ஓடிப்போக முடியாது. கொதிக்கும் வெயிலோ வெள்ளமோ ஆக்சிஜன் இல்லாத தண்ணீரோ, எது வந்தாலும் ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. ஆகவே எந்தச் சாவிலும் இரண்டு விஷயத்தைக் கண்டுபிடிக்கப் பாருங்கள்: அது எத்தனை நாள் மூடியிருக்க வேண்டி வந்தது, அப்போது தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் மூடிக்கிடந்து தப்பும் சிப்பி, சூடான தண்ணீரில் சில நாளிலேயே சோர்ந்து திறந்துவிடும். கடலும் கழியும் ஆண்டுக்கு ஆண்டு சூடாகிக்கொண்டு வருவதால் அந்த அவகாசம் குறைந்துகொண்டே போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் நம் கழிமுகங்களில் வளரும் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் வகைக்கு. பழவேற்காடு, முட்டுக்காடு, தூத்துக்குடி, கேரளத்தில் அஷ்டமுடி என்று எங்கும் இருப்பது இதுதான். முத்துச்சிப்பி வேறு கதை.

## கையில் இருக்க வேண்டியவை

உப்பு அளக்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு வெப்பமானி, பிஎச் மீட்டர், ஆக்சிஜன் கிட், காரத்தன்மை கிட். எல்லாமே இறால் பண்ணைச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். கையில் காசு குறைவு என்றால் முதல் இரண்டை மட்டும் வாங்குங்கள். அடித் தண்ணீர் எடுக்கத் தனிக் கருவி வேண்டாம்: கல் கட்டிய பாட்டிலை மூடியோடு இறக்கி, கீழே போனதும் மூடியில் கட்டிய நூலை வெடுக்கென்று இழுத்தால் போதும்.

அப்புறம் ஒரு நோட்டு. வாரம் இரண்டு தடவை, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று உப்பும் வெப்பமும் எழுதி வையுங்கள். சிப்பி செத்த அன்று அளந்தால் தண்ணீர் நன்றாகவே இருக்கும். கெடுதல் வந்து போனது அதற்கு முந்தைய வாரமோ அதற்கு முந்தைய வாரமோ. நோட்டு இல்லாதவரிடம் எனக்குக் கேட்க ஒன்றுமே இருப்பதில்லை.

## எதையும் தொடுவதற்கு முன்: எப்போது செத்தது, எந்த உயரத்தில் செத்தது

ஐந்தாறு சரத்தை மேலே தூக்கி, திறந்து கிடக்கும் ஓடுகளைப் பிரித்து வையுங்கள்.

சதை இன்னும் உள்ளே இருந்தால் நேற்றோ முந்தாநாளோ செத்தது. ஓடு காலியாக, உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால் சில நாள் ஆகியிருக்கும். உள்பக்கத்தில் சேறு படிந்து, குட்டிக் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) ஒட்டியிருந்தால் அது பழைய சாவு. மூன்றும் கலந்து கிடந்தால் சாவு ஒரே நாளில் நடக்கவில்லை, தொடர்ந்து நடக்கிறது. அந்த வித்தியாசம் முக்கியம். ஒரே சமயத்தில் செத்திருந்தால் தண்ணீரில் வந்துபோன ஏதோ ஒன்று. நாளுக்குக் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தால் பூச்சியோ, பகை உயிரோ, பட்டினியோ, நோயோ.

அடுத்து, செத்தவை சரத்தில் எங்கே இருந்தன? மேலேயா, கீழேயா, எல்லா இடத்திலுமா? இதை வைத்துத்தான் கீழே எந்தத் தலைப்புக்குப் போவது என்று முடிவாகும். சரத்தை அவிழ்த்துக் கூடையில் கொட்டிவிட்டுக் கூப்பிட்டால் இந்தத் தடயம் போய்விடும். தயவுசெய்து கொட்டாதீர்கள்.

## அறிகுறி: சரத்தின் மேல் பகுதியில் மட்டும் சாவு

### கடந்த இரண்டு மூன்று வாரத்தில் கனமழை பெய்திருந்தால்

நன்னீர் இலேசானது, உப்புத்தண்ணீருக்கு மேலே படுதாவாக மிதக்கும். மேல் சிப்பிகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும், கீழே உள்ளவை தப்பிக்கும். மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். உப்பு 10 பிபிடிக்கு (ஆயிரம் பங்கு தண்ணீரில் 10 பங்கு உப்பு) கீழே வந்தால் கவலைப்பட ஆரம்பிக்கலாம். 5-க்குக் கீழே போனால் சிப்பி மூடிக்கொண்டுவிட்டது, நாள் எண்ண வேண்டியதுதான்.

செய்யக்கூடியது, செலவு குறைந்ததிலிருந்து:

சரத்தின் கயிற்றை நீட்டி, சிப்பியைத் தாழ்வாக இறக்குங்கள். அடி தொடாமல் ஒரு முழம் விடுங்கள். இது ஒரு மணி நேர வேலை. ஆனால் மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது, பின்னால் அல்ல.

முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அடைத்துக்கிடந்தால் வந்த வெள்ளம் வடியாமல் உள்ளேயே நிற்கும், இரண்டு நாளில் போக வேண்டியது இரண்டு வாரம் இருக்கும். திறப்பது தனி ஆள் வேலை இல்லை. ஊர்க் கூட்டத்தில் பேசி, மீன்வளத் துறைக்கு மனு கொடுத்துச் செய்ய வேண்டியது.

சட்டத்தையே முகத்துவாரத்துப் பக்கம் நகர்த்துவது செலவு பிடிக்கும். மூங்கில் புதிதாக வாங்க வேண்டி வரும். இரண்டு பருவம் தொடர்ந்து அடி வாங்கினால் மட்டும் யோசியுங்கள்.

எல்லாவற்றையும் விட மலிவான வழி, மழைக்கு முன் அறுவடை. அஷ்டமுடியில் பருவமழை தொடங்கும் ஜூனுக்கு முன்பே, மே மாதத்துக்குள் எடுத்துவிடுவார்கள். நம் பக்கம் ஐப்பசிக்கு முன் எடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்" என்று கார்த்திகை வரை விட்டுவைப்பது முன்பு ஓரளவு நடந்தது. இப்போது மழை பெய்யும் விதம் மாறியிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரித் தண்ணீருக்குக் கயிற்றை இறக்கியும் பயனில்லை, மேலிருந்து அடிவரை எல்லாமே நன்னீர்தான்.

வெள்ளம் எந்தக் காலத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் 2019-இல் மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத்தைத் திருப்பிவிட போனே காரே மதகை ஒரே ஆண்டில் இரண்டு தடவை திறந்தார்கள். இரண்டாம் தடவை மே மாதத்தில் திறந்தது ஜூலை கடைசி வரை ஓடியது. கோடைச் சூட்டில் அத்தனை நாள் நன்னீர் நின்றதில் மிசிசிப்பி மாநிலத்துச் சிப்பித் திட்டுகள் ஏறக்குறைய முழுக்க அழிந்தன. நமக்கு வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் குளிர்ந்த மாதங்களில் வருவது ஒரு புண்ணியம். சித்திரை, வைகாசியில் புயல் மழை வந்தால் அதே அளவு தண்ணீருக்கு இரண்டு மடங்கு பயப்படுங்கள்.

### மழையே இல்லை என்றால்

அப்படியானால் வெயில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும். அந்த வற்றம் மதியத்தில் விழும் நாட்களில் மேல் சிப்பி வெளியே தெரியும். சரி, கொஞ்ச நேரம் வெளியே இருப்பது சிப்பிக்குப் புதிதல்ல, ஓட்டுக்குள் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் அந்தத் தண்ணீரே சுடுநீராகிவிடுவதுதான் சிக்கல்.

சூடு தாங்குவதில் சிப்பி சாதாரண உயிர் அல்ல. பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதியை 2012-இல் வெளியிட்டபோது, சூட்டால் புரதம் சிதையாமல் காக்கும் எச்எஸ்பி70 வகை மரபணுக்கள் மட்டும் 88 இருப்பதாகக் கண்டார்கள். மனிதனுக்கு இருப்பதைப்போல் பல மடங்கு. அவ்வளவு இருந்தும் 2021 ஜூன் கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரைகளில் வெப்ப அலையும் பகல் நேர வற்றமும் சேர்ந்து வந்தபோது, சிப்பியும் கல்லும்மக்காயும் (பாறையில் கொத்தாக ஒட்டும் மட்டி) கிடந்த இடத்திலேயே வெந்து செத்தன. தனித்தனியாக வந்தால் தாங்கியிருக்கும்.

சோதனை எளிது. வற்ற நேரத்தில் போய், வெளியே தெரியும் சிப்பியின் எண்ணிக்கையையும் செத்தவற்றையும் ஒப்பிடுங்கள். வெளியே தெரிந்தவைதான் செத்திருக்கின்றன என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

சரத்தை இறக்குங்கள். பங்குனி தொடங்கும்போதே காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்து, மதிய வற்றம் எந்தெந்த நாள் என்று பார்த்து வையுங்கள். சட்டத்துக்கு மேல் தென்னங்கீற்றுப் போட்டாலும் உதவும், ஆனால் காற்றுக்கு நிற்காது. கொதிக்கும் ஓட்டின் மேல் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றுவது வீண். அரைகுறையாகத் திறந்து மூடுவதில் அதற்கு இன்னும் சிரமம். சூடு பிடித்த வாரத்தில் சரத்தைக் கழுவுவது, பிரிப்பது, தரம் பார்ப்பது எதுவும் செய்யாதீர்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறும் உயிரைப் புரட்டிப் போட்டால், தப்ப வேண்டியதும் போய்விடும்.

## அறிகுறி: கீழ்ப் பகுதியில் மட்டும் சாவு

முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். அடிச்சேற்றைக் கையில் எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாசனை வருகிறதா? காலை நேரத்தில் சின்ன மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா? அப்படியானால் ஆக்சிஜன். விடியற்காலை ஐந்து மணிக்கு அடித் தண்ணீர் எடுத்துப் பாருங்கள். பகலில் அளந்தால் பாசி விட்ட ஆக்சிஜனால் நல்ல எண்தான் வரும், ஏமாந்துவிடுவீர்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரத்தைச் சேற்றிலிருந்து உயர்த்துங்கள். மேல் பகுதிச் சாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டும் ஒரே ஆண்டில் வரும் இடம் என்றால், மாதத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும்படி கயிற்றில் முடிச்சு வைத்துக் கட்டுங்கள்.

ஓட்டின் விளிம்பு உடைந்து சில்லாக இருந்தால் நண்டு. விளிம்பு முழுதாக இருந்து சின்னச் சிப்பியாகப் பார்த்துச் செத்திருந்தால் சங்கு வகை. தூத்துக்குடிப் பண்ணைகளில் சைமேட்டியம் என்ற சங்கு இப்படித் தின்றது பதிவாகியிருக்கிறது. அது ஓட்டைத் துளைக்காது, இடுக்கு வழியாகத் துதிக்கையை நுழைத்துத் தின்னும். அதனால் துளை தேடிப் பார்த்துவிட்டுச் சங்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கையால் பொறுக்குவதுதான் மருந்து. சரம் அடியைத் தொட்டால் அவை ஏறி வரும், தொடாமல் பாருங்கள்.

சேறு மூடியிருந்தால் உதறிக் கழுவுங்கள். பக்கத்தில் தூர் வாருகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

## அறிகுறி: மேலும் கீழும் எல்லா இடத்திலும் சாவு

மலிவான காரணங்களை வரிசையாகத் தள்ளிவிடுங்கள்.

வெள்ளம் அடிவரை இருந்ததா? நோட்டைப் பாருங்கள்.

உப்பு ஏறிவிட்டதா? கோடையில் முகத்துவாரம் அடைந்து தண்ணீர் சுண்டினால் 40 பிபிடியைத் தாண்டும். கடலே 35 சொச்சம்தான். உப்பும் சூடும் சேர்ந்து வரும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டும்.

இப்போதுதான் முட்டையிட்டு முடித்ததா? முட்டையிட்ட சிப்பி தெம்பில்லாமல் இருக்கும். சும்மா இருந்தால் பிழைத்துக்கொள்ளும், அந்த வாரம் வெயிலோ மழையோ வந்தால் செத்துவிடும். செத்த சிப்பிகளில் பெரியவை மட்டும் என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், விசித்திர நிறம், மீனும் சேர்ந்து மிதப்பது. இங்கே நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கண்டது இதுதான். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி, போட்டோ எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே சொல்லுங்கள். ஒரு நாள் தாமதித்தால் தண்ணீரே சாட்சி சொல்லாது.

### இப்போதுதான் நோய்

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை, பழைய ஓடும் புது ஓடும் கலந்து கிடக்கிறது, வாரா வாரம் சாவு கூடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆய்வகத்தைக் கூப்பிடும் நேரம். பெர்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி இந்தியச் சிப்பிகளில் இருப்பது உறுதியாகியிருக்கிறது. இந்த ஒட்டுண்ணி இனத்தில் சில வகை உப்பும் சூடும் கூடும்போது வலுக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெளிறிய சதை, சுருங்கிய மேலங்கி (சதையின் விளிம்புத் தோல்) எல்லாம் பட்டினிச் சிப்பியிலும் இருக்கும்.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. அனுப்பும் விதம் முக்கியம். செத்ததை அனுப்பாதீர்கள், அது அழுகல்தான். உயிரோடு, ஆனால் தட்டினால் மெதுவாக மூடும் சிப்பியாக முப்பது எடுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் நடுவில் காகிதம் வைத்து, அன்றைக்கே கொண்டு போய்ச் சேருங்கள். நோட்டின் கடைசி இரண்டு மாதப் பக்கங்களையும் நகல் எடுத்துக் கூடவே வையுங்கள்.

"மருந்து ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்பார்கள். திறந்த கழியில் இருக்கும் சிப்பிக்கு மருந்து கிடையாது. தண்ணீரில் எதைக் கலக்கச் சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். செய்யக்கூடியது: நெருக்கத்தைக் குறைப்பது, பெரியதை முதலில் அறுவடை செய்வது, அந்தச் சரத்தை இன்னொரு கழிக்குக் கொண்டு போகாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதை மீறுகிறவர்கள்தான் அதிகம்.

## அறிகுறி: உயிரோடு இருக்கிறது, ஆனால் சதை இல்லை

பத்துச் சிப்பியை எடுத்து முழு எடை போடுங்கள். பிறகு சதையை மட்டும் வழித்து, தண்ணீர் வடியவிட்டு எடை போடுங்கள். முழு எடையில் சதை 8 முதல் 10 சதவீதம் என்றால் நம் சிப்பிக்கு அது இயல்பு. 5-க்குப் பக்கம் என்றால் மெலிவு.

முட்டையிட்டு முடித்ததுதான் பொதுவான காரணம். சதை பால்போல் இல்லாமல் கண்ணாடிபோல் தெரியும். சில வாரம் விட்டால் தேறும், விற்பனையைத் தள்ளிப்போடுங்கள். மழைக்குப் பின் என்றால், மூடிக்கிடந்த நாளெல்லாம் சாப்பிடாமல் சேமிப்பைக் கரைத்திருக்கிறது. உப்பு ஏறிய பின்னும் அதே போல விட வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நெருக்கம். சரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து வேறு சட்டத்தில் கட்டுங்கள்.

பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சரத்தில் கறுப்பாக, கொத்துக் கொத்தாகச் சின்ன மட்டி அப்பியிருக்கிறதா? மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென் அமெரிக்க வகை அது. அஷ்டமுடியிலும் வந்துவிட்டது. சிப்பியின் சாப்பாட்டை அதுவே வடித்துத் தின்றுவிடும், சரமும் கனத்து அறுந்துவிடும். குஞ்சாக இருக்கும்போதே சுரண்டி எடுங்கள், சுரண்டியதைக் கழியில் போடாமல் கரையில் கொட்டிக் காயவிடுங்கள். தண்ணீரிலேயே தட்டிவிட்டால் அடுத்த சட்டத்தில் போய் ஒட்டும்.

## அறிகுறி: ஓடு மெலிந்து பொடிகிறது

ஓட்டின் உள்பக்கம் கறுப்புக் கொப்புளம் தெரிந்தால் சேற்றுப்புழு. குத்தினால் சேறு வரும். சரத்தை வெளியே எடுத்து நிழலில் சில மணி நேரம் காயவிடுவது, தீவிரமானால் கெட்டி உப்புநீரில் சில நிமிடம் முக்கிப் பிறகு காயவிடுவது. குளிர்ந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். ஓடு முழுக்க ஊசித்துளையாக, தேன்கூடு மாதிரி இருந்தால் துளைக்கும் கடற்பஞ்சு. உப்பு கூடிய இடத்தில்தான் அது வலுவாக இருக்கும்.

புழுவும் இல்லை, துளையும் இல்லை, உள்பக்கம் சுண்ணாம்பு பூசிய மாதிரி மங்கலாக இருக்கிறது என்றால் சிப்பி அதிக நாள் மூடிக்கிடந்திருக்கிறது. மூடியிருக்கும்போது உள்ளே சேரும் அமிலத்தைத் தணிக்க அது தன் ஓட்டையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். ஏன் மூடியது என்று மேலே போய்த் தேடுங்கள்.

மழைக்குப் பின் பிஎச் மட்டும் இறங்கி நிற்கிறது, காரத்தன்மையும் கடல் தண்ணீருக்கு உரிய 110–120 பிபிஎம்மில் (லிட்டருக்கு மில்லிகிராம்) பாதிக்கு வந்துவிட்டது என்றால், நிலத்திலிருந்து வடியும் தண்ணீரில்தான் கோளாறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கழிமுகங்களில், தோண்டிய அமிலச் சல்பேட் மண்ணிலிருந்து (காற்றுப் பட்டால் அமிலம் விடும் மண்) வடிந்த தண்ணீர் இப்படிச் சிப்பியைக் கெடுத்தது. கேரளத்தில் குட்டநாட்டிலும் அந்த வகை மண் உண்டு. வாய்க்காலுக்கு எதிரே சட்டம் போட்டிருந்தால் அதை நகர்த்துங்கள். கழியில் சுண்ணாம்பு கொட்டாதீர்கள், ஒரு ஏற்றத்தில் போய்விடும்.

## அறிகுறி: காலி ஓடு கட்டிப் போட்டும் விதை (சிப்பிக் குஞ்சு) ஒட்டவில்லை

பெரும்பாலும் ஓட்டை முன்கூட்டியே இறக்கியதால்தான். பாசியும் கொட்டலசும் முதலில் பிடித்துக்கொண்டால் சிப்பிக் குஞ்சுக்கு இடம் இல்லை. நாலைந்து சோதனைச் சரத்தை மட்டும் முதலில் இறக்கி, வாரா வாரம் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகளவு குஞ்சு தெரிந்ததும் மீதியை இறக்குங்கள். முன்பு ஒட்டிய மாதத்தை நம்பி இறக்காதீர்கள். மழை தள்ளிப்போனால் ஒட்டும் காலமும் தள்ளிப்போகும்.

## அறிகுறி: குஞ்சகத்தில் குஞ்சு ஒரு வாரம் நீந்துகிறது, பிறகு வளராமல் நின்று சாகிறது

இதுதான் ஆளை அதிகம் அலையவைக்கும் அறிகுறி, காரணம் பார்க்கும் இடத்தில் இருக்காது.

தொட்டி சுத்தம், வடிகட்டி, பாசித் தீவனம் கெட்டுப்போனதா, விப்ரியோ பாக்டீரியா. இந்த வரிசையில் பாருங்கள். நாலும் சரியாக இருந்தும் சாவு நிற்கவில்லை என்றால், சாகும் தொட்டியை விட்டுவிட்டு, அந்தக் குஞ்சுகள் கருவான அன்று என்ன தண்ணீர் ஏற்றினீர்கள் என்று பாருங்கள்.

ஆரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவின் விஸ்கி கிரீக் குஞ்சகத்தில் 2007 முதல் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. முதலில் விப்ரியோதான் என்று நினைத்து அதை அகற்ற ஏற்பாடு செய்தார்கள். சாவு நிற்கவில்லை. குஞ்சகத்தின் ஆலன் பார்ட்டனும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் சேர்ந்து அளந்து பார்த்ததில், காற்று ஒரு பக்கமாக வீசும் நாட்களில் கரையோரம் மேலெழும் அடிக்கடல் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பது தெரிந்தது. முட்டை கருவான முதல் இரண்டு நாளில், வாய் திறந்து தின்னத் தொடங்கும் முன்பே, முட்டையில் இருக்கும் தெம்பை வைத்துத்தான் குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டுகிறது. தண்ணீரில் அமிலம் கூடினால் அந்தத் தெம்பு முழுவதும் ஓட்டுக்கே போய்விடும். அன்று சாகாது. ஒரு வாரம் கழித்துச் சாகும்.

அவர்கள் கண்ட வழிகளில் முதலாவது இலவசம்: விடியற்காலையில் தண்ணீர் ஏற்றாமல் பிற்பகலில் ஏற்றுவது. பகலெல்லாம் பாசியும் கடற்புல்லும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் மாலைத் தண்ணீர் சாந்தமாக இருக்கும். உங்கள் பிஎச் மீட்டரைக் காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இரண்டாவது, தொட்டித் தண்ணீரில் அளவாகச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைத்துக் காரத்தன்மையை ஏற்றுவது. இதை ஒரு சின்னத் தொட்டியில் முட்டை நிலையிலிருந்தே சோதித்துப் பாருங்கள், ஏழாம் நாள் குஞ்சுக்குப் போட்டுப் பயனில்லை. மூன்றாவது, தொடர்ந்து அளக்கும் கருவி. விலை கூடியது. பிஎச் மட்டும் வைத்து ஓடு கட்ட முடியுமா என்று சொல்ல முடியாது என்பதால் அந்தக் கட்டத்தில் ஆய்வு நிறுவனத்தின் துணை வேண்டும். அமெரிக்கக் கரையில் ஒரு பண்ணை குஞ்சகத்தையே ஹவாய்க்கு மாற்றியது, அதுதான் வரிசையில் கடைசி.

கேரளக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் இதே போல அடிநீர் மேலே வரும், ஆக்சிஜனும் பிஎச்சும் குறைந்திருக்கும். அங்கிருந்து தண்ணீர் இழுக்கும் குஞ்சகம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தினம் அளக்க வேண்டும்.

தாய்ச் சிப்பியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. சிட்னி பாறைச் சிப்பியைக் கார்பன் டை ஆக்சைடு கூடிய தண்ணீரில் வைத்து முட்டையிட விட்டபோது, அவற்றின் குஞ்சுகள் அதே கெட்ட தண்ணீரில் மற்றவற்றைவிடப் பெரிதாகவும் வேகமாகவும் வளர்ந்ததை லாரா பார்க்கர் குழு 2012-இல் காட்டியது. ஆகவே வெள்ளத்திலும் வெயிலிலும் தப்பிய சிப்பியை, பெரிதாக இருக்கிறது என்று முதலில் விற்றுவிடாதீர்கள். தாய்க்கு அதை ஒதுக்குங்கள்.

## அறிகுறி: சாப்பிட்டவருக்கு முடியவில்லை

இங்கே சோதனை, வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. விற்பனையை அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் விப்ரியோ இருக்கலாம். சூடான தண்ணீரில் அது வேகமாகப் பெருகும். 2021 வெப்ப அலைக்குப் பிறகு வாஷிங்டனில் பச்சைச் சிப்பி சாப்பிட்டவர்கள் நிறையப் பேர் படுத்தது இதனால்தான். அறுவடை செய்த சிப்பியை வெயிலில் மணிக்கணக்காக வைத்திருந்தோமா என்று முதலில் பாருங்கள். எடுத்த உடனே நிழல், பிறகு 10 டிகிரிக்குக் கீழே குளிர். சுத்திகரிப்புத் தொட்டியில் ஒரு நாள் வைத்தால் சாக்கடைக் கிருமி பெரும்பாலும் போகும், விப்ரியோ அப்படிப் போகாது. நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

உதடு மரத்துப்போவது, விரல் நுனி ஊசி குத்துவது, மூச்சு முட்டுவது என்றால் அது பாசி நஞ்சு. வேகவைத்தாலும் போகாது, சுத்திகரித்தாலும் போகாது. 1997-இல் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் கல்லும்மக்காய் சாப்பிட்டு 7 பேர் இறந்தது இதனால். ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், என்ன சாப்பிட்டார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்சச் சிப்பியைக் கொட்டாமல் ஐஸில் வையுங்கள். அதே சரத்திலிருந்து வேறு யார் யார் வாங்கினார்கள் என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். கழித் தண்ணீர் சோதனையில் சரி என்று மீன்வளத் துறை சொல்லும் வரை அந்தச் சட்டத்திலிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது.